இளைக்க வைத்த பிஸ்கட்

மன்னார்குடியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களின் முகம் எனக்கு மறந்துபோகும், அளவு மறக்காது. ஊசிக்கும் எனக்கும் ஒரே நாக்கு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பொய்யில்லை. அளவு கொடுக்கும்போது யாராவது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால், "மூச்சை விடுங்க, ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு நீங்கதானே மூச்சு விடணும்" என்று சொல்லிவிடுவேன். அதற்காகக் கோபித்துக்கொண்டு போனவர்களும் தீபாவளிக்குத் திரும்பி வந்துவிடுவார்கள்.

சில வருஷங்களாகப் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்தாலே எனக்கு டேப்பைக் கையில் எடுக்க ஒரு மாதிரியாக இருக்கிறது. யூனிஃபார்ம் தைக்க வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அம்மாக்களின் இடுப்பளவு வருகிறது. வளர்கிற பிள்ளை வளர்ந்தால் சந்தோஷம்தான். உயரம் அப்படியே நிற்க, சுற்றளவு மட்டும் ஏறுவதை வளர்த்தி என்று எப்படிச் சொல்வது? அளவு எடுக்கப் பின்னலைத் தூக்கினால், பின்கழுத்தில் வெல்வெட்டுத் துணி மாதிரி கறுப்பாக, தடிப்பாக ஒரு பட்டை. "ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்க மாட்டியாடி" என்று எத்தனையோ பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். கூட வந்த அம்மாக்களும் என்னோடு சேர்ந்து திட்டுவார்கள். அது அழுக்கு என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, பாமணி ஆற்றங்கரையில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். நான் அவரை அண்ணி என்றும் அவர் கணவரை அண்ணன் என்றும் கூப்பிடுவேன். அண்ணனுக்குக் கொஞ்சம் நிலமும், பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு கடையும் உண்டு. அவருடைய அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலை பார்த்தவர்கள். சின்ன வயதில் அண்ணன் கடை வாசலில் நின்று பிஸ்கட் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பாராம். "காசில்லாம கண்ணு வைக்காதடா, போடா" என்று கடைக்காரர் விரட்டுவாராம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் கடைசியில் ஒரு வார்த்தை சேர்ப்பார்: "என் பொண்ணு எவன் கடை வாசல்லயும் நிக்கக் கூடாதுன்னுதாம்மா இந்தக் கடையே." அந்தக் கடைக்கு அவருடைய ஒரே மகள்தான் மகாராணி. பள்ளிக்கூடம் போகும்போது ஒரு பாக்கெட்டைக் கிழிப்பாள், வரும்போது இன்னொன்றைக் கிழிப்பாள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வயிறு வலிக்கிறது என்பாள். கேட்க ஆளில்லை. பிள்ளை கொழுகொழுவென்று இருப்பது அந்த வீட்டுக்குப் பெருமை. பட்டினி கிடந்த வீட்டில் அந்தப் பெருமை எப்படி வரும் என்று எனக்கும் புரியும், ஆகையால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாய் மூடியிருந்த அபூர்வமான இடங்களில் அதுவும் ஒன்று.

ஆறாம் வகுப்பிலேயே பெரியவளாகிவிட்டாள். தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். தேங்காய், பழம், பட்டு என்று நான் கணக்குப் போட்டால் என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. இப்போதெல்லாம் சீர்த் தட்டென்றால் பாக்கெட்டுகள்தான். சிப்ஸ் பாக்கெட்டை அடுக்கிக் கோபுரம், சாக்லேட்டை ஒட்டித் தாமரை, கலர் பாட்டிலை நிறுத்தி அதற்கு ஜரிகைக் காகிதத்தில் பாவாடை. அலங்காரத்துக்கென்றே மன்னார்குடியில் ஆட்கள் இருக்கிறார்கள். தெருவே வேடிக்கை பார்க்க, மேளத்தோடு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனோம். மேலே ட்ரோன் சுற்றியது. பந்தலில் பிள்ளைகள் சீர்த் தட்டைச் சுற்றியே நின்றன, பந்தியில் இலைகள் ஆளில்லாமல் கிடந்தன.

மாமன் பெண்டாட்டி என்ற முறையில் மஞ்சள் பூசித் தண்ணீர் ஊற்றியது நான்தான். கையில், காலில், கன்னத்தில் எல்லாம் மஞ்சள் பளிச்சென்று பிடித்தது. கழுத்தில் மட்டும் சேறு மாதிரி ஆகிவிட்டது. "சீர் கொண்டாந்தா போதுமா, நல்லா அழுத்தித் தேய்ச்சு வுடு" என்று சுற்றியிருந்த பெண்கள் கேலி செய்தார்கள். பீர்க்கங்கூட்டை எடுத்துத் தேய்த்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, "அத்தை, எரியுது" என்றாள். கையை எடுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், குலவை போட்டார்கள், நான் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினேன்.

சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்கு அங்கே போயிருந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லாத காலம், மணல் கொதித்தது. கொல்லைப்புறம் போனால், பாத்ரூம் வாசலில் அண்ணி எறும்புப் பொடி தூவிக்கொண்டிருந்தார்.

"என்ன மருந்து போட்டாலும் போவ மாட்டேங்குதும்மா. காலையில கழுவி வுட்டா சாயந்தரம் வந்து மொய்க்குது."

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். சின்ன எறும்புகள், வரிசை வரிசையாக, தண்ணீர் வெளியே போகும் ஓட்டையைச் சுற்றி. எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டில் அவர் சிறுநீர் போன இடத்தில் மொய்த்த எறும்புதான் சொன்னது. கடைசியில் அப்பாவின் காலையே எடுத்தார்கள்.

"அண்ணி, உங்களுக்கோ அண்ணனுக்கோ சுகர் பாத்தீங்களா?"

"போன மாசம்தான் கேம்ப்ல பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே."

வீட்டில் மூன்றாவது ஆள் ஒருத்திதான். அவள் அப்போது கூடத்தில் நின்று, சொம்பைக் குடத்துக்குள் விட்டுத் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எனக்கு அந்தச் சொம்புச் சத்தம் அப்படித்தான் கேட்டது.

அண்ணியைச் சம்மதிக்க வைத்துத் தஞ்சாவூரில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டரம்மா முதலில் பார்த்தது கழுத்தைத்தான். "இது அழுக்கு இல்லம்மா, தேய்க்காதீங்க. ரத்தத்துல சர்க்கரை தறிகெட்டுப் போறதுக்கு அடையாளம்" என்றார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை வந்துவிட்டது, கல்லீரலில் கொழுப்பும் படிந்திருக்கிறது என்றார். என்னென்ன சாப்பிடுவாய் என்று கேட்டார். பாவி மகள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் எல்லா பாக்கெட்டின் பெயரையும் வரிசையாக ஒப்பித்தாள். அவளுக்கு அது நல்ல மார்க் வாங்கும் விஷயம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"வீட்டுல செய்ய முடியாத, டப்பாவிலயும் பாக்கெட்டுலயும் வர்ற எதையும் கொடுக்காதீங்க. மாத்திரையை விடக் கூடாது" என்று டாக்டரம்மா சொன்னார். "இப்ப வாரா வாரம் இந்த மாதிரி பிள்ளைங்க வருது. நாங்க படிக்கிறப்ப இது புத்தகத்துலகூடப் பெருசா கிடையாது."

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளியில மூச்சு விட்றாதம்மா. பொட்டப்புள்ள. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" பதினோரு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் அவர் என் கையை விடவே இல்லை, சரி என்று சொல்லிவிட்டேன். அண்ணன் எங்களைவிட ஒரு படி மேலே போனார். "சுகரெல்லாம் வயசானவங்களுக்கு வர்றது. இது வயசுக்கு வந்த சூடு, தானா அடங்கும்" என்று முடித்துவிட்டார். மாத்திரை அலமாரியில் ஏறியது.

மே தினத்தன்று அண்ணன் ஊரில் கிராம சபை, நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். எனக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை, ஆகையால் வேப்ப மரத்தடியில் வேடிக்கைதான் பார்க்க முடியும், பேச முடியாது. பள்ளிக்கூடத் தெருவில் பாக்கெட் தின்பண்டம் விற்கக் கூடாது என்று பெற்றோர்கள் சேர்ந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார்கள். சிவப்புப் புடவை கட்டிய ஒரு பெண் முதலில் எழுந்தாள். அவள் மகளும் எங்கள் பிள்ளையும் ஒரே வகுப்பு.

"எம்பொண்ணு சோத்தைத் தொட மாட்டேங்குறா. ஸ்கூல் கேம்ப்ல வந்தவங்க உடம்பைக் குறைக்கணும்னு சொல்றாங்க. வாசல்லயே தோரணம் மாரி தொங்கவுட்டா எந்தப் புள்ளதான் தாண்டிப் போவும்?"

கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் எழுந்து, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விற்கக் கூடாதென்று ஏற்கெனவே சட்டம் இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை என்றான். பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே சர்க்கரை அதிகம், கொழுப்பு அதிகம் என்று பெரிதாக எச்சரிக்கை போட வேண்டும் என்று டெல்லியில் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறதாம். கம்பெனிக்காரர்கள் எச்சரிக்கை வேண்டாம், எவ்வளவு நல்லது என்று நட்சத்திரம் போட்டுக்கொள்கிறோம் என்கிறார்களாம். "பரீட்சை எழுதுறவனே மார்க் போட்டுக்குவானாம்" என்று ஒரு பெரியவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. இன்னொருவர், "பாக்கெட்டைச் சொல்றீங்களே, நாம வயலுக்கு அடிக்கிற மருந்துக்கு எந்த நட்சத்திரம்?" என்று கேட்டார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் மைக்கை வாங்கினார். நன்றாகப் பேசினார், அதுதான் கொடுமை. "நம்ம அப்பன் பாட்டன் கூழுக்கு அலைஞ்சாங்க. பிஸ்கட்டுங்கிறது பண்ணை வீட்டுப் புள்ள தின்னது. இன்னைக்கு நம்ம புள்ள கையில அது வந்ததும் ஆகாதுன்னு சட்டம் போடணுமாங்க? டவுன்ல இருக்கறவன் தின்னுட்டுத்தானே இருக்கான்?" கைதட்டல் எழுந்தது. எனக்கே ஒரு நிமிஷம் தட்டலாம் போலிருந்தது. பிறகு அவர் மகளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்தினார். "இதோ, என் பொண்ணு. எங்கடை சரக்கைத் தின்னுதான் வளந்தா. நோஞ்சானாவா இருக்கா? நீங்களே பாருங்க."

ஊரே பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா, தண்ணி" என்றாள். கூட்டத்திலிருந்து யாரோ கலர் பாட்டில் ஒன்றைத் திறந்து நீட்டினார்கள். வைத்த வாய் எடுக்காமல் குடித்தாள். "அப்பன் கடைக்கு இதவிட விளம்பரம் வேணுமா" என்று சிரிப்பு. தலைவர், மேலே எழுதிக் கேட்டு அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானத்தைத் தள்ளிவைத்தார். சிவப்புப் புடவைக்காரி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை. "பெத்த புள்ளைய மாட்டுச் சந்தையில நிறுத்துற மாரி நிறுத்துனீங்களே அண்ணே! எங்கப்பா காலை எங்க வெட்டுனாங்கன்னு தெரியுமா? முழங்காலுக்கு மேல. அவருக்கு அறுபது வயசு. இவளுக்கு என்ன வயசு?" என்று கத்தினேன். நாத்தனார் வீட்டில் இப்படிக் கத்தலாமா என்று என் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார், நான் பார்க்கவில்லை. அண்ணன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. "எம்பொண்ணுக்கு நான் கெடுதல் செய்வனாம்மா?" என்று கேட்டார். செய்ய மாட்டார். அவரைப் போல் மகளைச் சுமக்கிற தகப்பனை நான் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்தபோது கடை மாறியிருந்தது. தோரணமாகத் தொங்கிய சிப்ஸ் சரங்கள் இல்லை. முன் அலமாரி முழுக்கப் பச்சைப் பச்சையாக பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் சாமைக் கதிர், கேழ்வரகுக் கதிர், பக்கத்தில் ஓடுகிற ஒல்லியான ஒரு பெண், ஓர் இதயம். சரக்கு போடும் வேன்காரர் சுகர் உள்ளவர்களே இதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று சொன்னாராம். அண்ணன் ஒரு பாக்கெட்டை என் கையில் வைத்தார்.

"எல்லாம் சிறுதானியம்மா. நாம வெதச்சு அறுக்கறவங்க. கதிரைப் படம் போட்டுப் பொய் சொல்லுவானா ஒருத்தன்?"

எங்கள் பக்கத்தில் கதிரை மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். முதல் கதிரை வாசல் நிலையில் கட்டுகிற ஜனங்களுக்கு அந்தப் படம் சாமி படம் மாதிரி. நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ இங்கிலீஷ். ஊசியில் நூல் கோக்கிற என் கண்ணுக்கே அது பிடிபடவில்லை. சிப்ஸைவிட நல்லதாகத்தானே இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

குறுவை அறுத்து, சம்பா நட்டு, வயல் பச்சை பிடித்தது. அண்ணன் மருந்து கொடுப்பது போலத் தவறாமல் காலையும் மாலையும் அந்த பிஸ்கட்டைக் கொடுத்தார். மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும் என்று யாரோ சொன்னதால், அது அலமாரியிலேயே இருந்தது. தீபாவளிக்குச் சுடிதார் தைக்க அவளை அளவெடுத்தபோது, பழைய அளவுக்குப் பிடித்த டேப் என் கையில் தொளதொளவென்று நின்றது. இளைத்திருந்தாள். அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாம்மா, எல்லாம் அந்த பிஸ்கட்தான். ஊரே கேக்குது, என்ன கொடுக்குறீங்கன்னு." எனக்கும் சந்தோஷம்தான். அளவைக் குறைத்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். கார்த்திகையில் அதே சுடிதார் திரும்ப வந்தது, இன்னும் பிடிக்க வேண்டுமாம். பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லி மறுபடி அளவெடுத்தேன். தோள்பட்டை எலும்பு கையில் தட்டியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிற இளைப்பு அது. இரண்டு முறை அளவெடுக்கும் நேரம் நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, கண்ணு மங்கலா தெரியுது. அம்மாகிட்ட சொல்லாதீங்க, பிஸ்கட்டையும் நிறுத்திடுவாங்க" என்றாள்.

அன்றைக்கே கடையைப் பூட்டினேன். அடைமழையில் கார் பிடித்து, அண்ணனையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போனோம். டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "இளைச்சது நல்லதுன்னு நெனச்சீங்களா? சர்க்கரை முழுக்க வெளியில போய், உடம்பு தன்னைத்தானே தின்னுக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா மயக்கத்துல விழுந்திருப்பா."

"நான் கெட்டது ஒண்ணும் கொடுக்கலீங்களே" என்று அண்ணன் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். கை கூப்பியபடிதான் வைத்தார்.

டாக்டரம்மா அதைப் பின்பக்கமாகத் திருப்பி, போன் வெளிச்சத்தில் படித்தார். முதலில் மைதா. அடுத்தது சர்க்கரை. அடுத்தது பாமாயில். அப்புறம் இன்னொரு பெயரில் மறுபடி சர்க்கரை. எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்களாம்.

"சாமை எங்கங்க இருக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

டாக்டரம்மாவின் நகம் கீழே கீழே இறங்கி, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. "கைம்மண் அளவு."

"முன்னாடி அவ்ளோ பெருசா போட்டிருக்கேங்க."

"முன்னாடி படம் போடலாம். உண்மையைப் பின்னாடி பொடி எழுத்துல போட்டா போதும். அதை முன்னாடி கொண்டாரத்தான் கோர்ட்டு வரைக்கும் சண்டை நடக்குது."

மே தினத்தன்று தான் மைக்கில் பேசியது அண்ணன் காதில் கேட்டிருக்கும். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, இன்சுலின் போட்டார்கள். வயிற்றுச் சதையைப் பிடித்து ஊசி போடுவது எப்படி என்று நர்ஸ் அண்ணனுக்குக் கற்றுக்கொடுத்தார். பிடிக்கச் சதை கிடைக்கவில்லை. அவர் அழுததை அன்றுதான் முதல்முறையாகச் சத்தத்தோடு கேட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியபோது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அண்ணி பிள்ளையை உள்ளே கூட்டிப்போனார். அண்ணன் கடைக் கதவைத் திறந்து, முன் அலமாரிக்கு எதிரே சும்மா நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் கிராம சபையில் முதலில் பேசிய அந்தச் சிவப்புப் புடவைக்காரி மகளோடு வந்தாள்.

"அண்ணே, அன்னைக்குக் கூட்டத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. உங்க பொண்ணு எப்படி எளச்சுட்டா! அவ திங்குற பிஸ்கட்டே குடுங்க. நாலு பாக்கெட்டா குடுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு, "தீந்துபோச்சும்மா" என்றார்.

"அதோ அலமாரி முச்சூடும் அடுக்கியிருக்கே."

அவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் மகளுக்கு என்ன வியாதி என்று சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து அண்ணி கதவிடுக்கில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. எனக்குப் பொறுக்கவில்லை. "அத வாங்காதம்மா. அது நல்லதில்ல. பிள்ளைய டாக்டர்கிட்ட காட்டு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"ஏங்க, நல்லது ஒண்ணு வந்தா அது உங்க வீட்டுப் புள்ளைக்கு மட்டும்தானா? எங்க புள்ளைங்க எப்பவும் போல வாசல்ல நின்னு பாக்கணுமா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கல்லா மேஜையில் காசை வைத்தாள், தானே கையை நீட்டி பாக்கெட்டுகளை எடுத்தாள், ஒன்றை அங்கேயே கிழித்து மகளிடம் கொடுத்தாள்.